நீலமும் மஞ்சளும் தழுவியபோது

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

உலகப் பெரியோர் வரலாறு என்றதும் நாடாண்டவர்களும், போரில் வென்றவர்களும், அறிவியலில் புதுமை கண்டவர்களுமே நம் நினைவில் முன்வந்து நிற்பார்கள். நான் எழுதப் புகுந்திருப்பவரோ மூன்று வயதுக் குழந்தைகளுக்காக வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டிக் கதை சொன்னவர். அவர் பெயர் லியோ லியோனி. 1910-இல் பிறந்து 1999-இல் மறைந்தார். தத்தித் தத்தி நடக்கும் பிள்ளைகளின் படப்புத்தகத்திற்குக் கல்லூரி ஆண்டு மலரில் என்ன இடம் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவரைப் பற்றி நான் எழுத இன்னொரு காரணமும் உண்டு. நான் பொருளியல் மாணவன். லியோனியும் பொருளியல் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். குறைவாக உள்ள பொருளைப் பலருக்கும் எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் நாங்கள் மூன்றாண்டுகளாக வளைகோடுகளும் அட்டவணைகளும் போட்டுப் படித்துவருகிறோம். அதே கேள்வியை மூன்று தவளைகளையும் ஐந்து எலிகளையும் வைத்து, பால் மணம் மாறாத பிள்ளைகளுக்கும் விளங்கும்படி ஒருவர் கேட்டிருக்கிறார் என்றால், அவரை அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு எழாமல் இருக்குமா?

கண்ணாடித் தொட்டியும் ஓவியக் கூடமும்

ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1910-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் லியோனி பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. தந்தை யூதர், வைரம் பட்டை தீட்டும் தொழிலிலிருந்து கணக்காளர் தொழிலுக்கு மாறியவர். தாய் இசை நாடகங்களில் பாடியவர், யூதரல்லர். இரண்டு சமயங்களின் எல்லை அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்த எல்லையில் சுவர் எழவில்லை.

சிற்றப்பன், பெரியப்பன், மாமன் என்று உறவினர் பலர் கலையில் ஈடுபாடு உடையவர்கள். ஒருவர் கட்டடக் கலைஞர். மற்றொருவர் புதுமை ஓவியங்களை வாங்கிச் சேர்த்தவர். அப்படிச் சேர்த்த ஓவியங்களுள் மார்க் ஷகால் வரைந்த வயலின் கலைஞன் படமும் ஒன்று. சிறுவனின் அறைக்கு வெளியே அது மாட்டப்பட்டிருந்தது. ஊரின் பெரிய அருங்காட்சியகங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. அங்கே போய் உட்கார்ந்து சிலைகளைப் பார்த்து வரைவது அவனுக்குப் பழக்கமாயிற்று.

வீட்டில் அவனுக்கென்று ஒரு சிறு உலகமும் இருந்தது. கண்ணாடித் தொட்டிகளில் மணலும் கல்லும் செடியும் வைத்து, சின்னஞ்சிறு உயிர்களை வளர்த்து, அவை ஊர்வதையும் உண்பதையும் மணிக்கணக்கில் பார்த்துக் கொண்டிருப்பான். ஐம்பது வயதை நெருங்கும்போது அவர் கதை எழுதத் தொடங்கினார். அப்போது வந்து நின்ற தவளையும் நத்தையும் பல்லியும் எலியும் வேறெங்கிருந்தும் வரவில்லை. அந்தத் தொட்டிகளிலிருந்து இறங்கி வந்தவையே அவை.

இந்த அமைதி நீடிக்கவில்லை. பிழைப்பின் பொருட்டுப் பெற்றோர் அமெரிக்கா சென்றனர். சிறுவன் ஈராண்டுகள் பெல்ஜியத்தில் தாத்தா பாட்டியுடன் தங்கினான். 1924-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குச் சென்று பெற்றோரைச் சேர்ந்தான். அடுத்த ஆண்டே குடும்பம் இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்து வயதுக்குள் நான்கு நாடுகள்! ஒவ்வோர் ஊரிலும் புது மொழி, புதுப் பள்ளி, பெயர் தெரியாத பிள்ளைகள். விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்களா என்று ஓரமாக நின்று பார்க்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை அவர் எந்த நூலிலும் படித்து அறிய வேண்டியதில்லை.

இருள் சூழ்ந்த இத்தாலி

அவர் சென்று சேர்ந்த இத்தாலி முசோலினியின் இத்தாலி. ஜெனோவாவில் நோரா என்ற பெண்ணை அவர் விரும்பினார். நோராவின் தந்தை பாப்ரிசியோ மாப்பி ஒரு மருத்துவர். இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியின் முன்னோடிகளில் ஒருவர். பாசிச ஆட்சியால் சிறைப்படுத்தப்பட்டவர். ஆட்சியாளரின் கண் எப்போதும் படிந்திருந்த அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்க லியோனி தயங்கவில்லை. 1931-இல் திருமணம் நடந்தது. பிள்ளைகள் இருவர் பிறந்தனர்.

அந்நாளில் அவர் ஓவியர். எதிர்காலவாத ஓவியர்களின் தலைவரான மரினெட்டி அவரைப் பாராட்டித் தம் கூட்டத்தின் கண்காட்சிகளில் சேர்த்துக்கொண்டார். மறுபுறம் ஜெனோவாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து 1935-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அவருக்குச் சோறு போட்டது பொருளியல் அன்று, விளம்பரக் கலையே. மிலான் நகரில் இனிப்புப் பண்டங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு விளம்பரம் வரைந்து குடும்பம் நடத்தினார்.

1938-இல் முசோலினியின் அரசு இனச் சட்டங்களை இயற்றியது. யூதப் பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். யூத ஆசிரியர்கள் வேலையிழந்தனர். யூதரும் யூதரல்லாதாரும் மணம் செய்துகொள்வது தடை செய்யப்பட்டது. இந்தக் கடைசி விதியை எண்ணிப் பாருங்கள். லியோனியின் தாயும் தந்தையும் செய்துகொண்டது இத்தகைய மணம்தான். தாம் பிறப்பதற்குக் காரணமான அன்பையே ஒரு நாட்டின் சட்டம் குற்றம் என்று எழுதிவைத்ததை அவர் கண்ணால் கண்டார்.

1939-இல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மனைவியும் பிள்ளைகளும் பின்னர்ப் போய்ச் சேர்ந்தனர்.

புகழும் ஒரு பூட்டிய கூடமும்

பிலடெல்பியாவில் பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் லியோனி சேர்ந்தார். கார் கம்பெனிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அவர் அமைத்த விளம்பரங்கள் பேசப்பட்டன. பெர்னான் லெஜே, அலெக்சாண்டர் கால்டர், வில்லம் டி கூனிங் போன்ற பெருங்கலைஞர்களையே விளம்பரப் படம் வரைய அழைத்தார். 1945-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1940-களின் இறுதியில் ‘பார்ச்சூன்’ என்னும் பெரிய வணிக இதழுக்குக் கலை இயக்குநரானார். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 1955-இல் ‘மனிதக் குடும்பம்’ என்றொரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. 68 நாடுகளிலிருந்து 503 புகைப்படங்கள் அதில் இடம்பெற்றன. பிறப்பு, உழைப்பு, விளையாட்டு, துயரம், சாவு ஆகிய அனைத்தும் மாந்தர் எல்லார்க்கும் பொது என்று காட்டிய காட்சி அது. அதன் நூல் வடிவத்தை அமைத்தவர் லியோனியே.

இதற்குப் பின் நடந்த ஒன்று அவர் வாழ்க்கையின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் வெள்ளையர் பள்ளியில் படிக்கச் சென்றபோது கூட்டம் கூடி அவர்களை மறித்தது. கூட்டாட்சிப் படை வந்து காவல் நின்ற பிறகே அவர்கள் வகுப்பறைக்குள் நுழைய முடிந்தது. உலகமே அதைப் பார்த்தது. அடுத்த ஆண்டு பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே அமெரிக்க அரங்கின் ஓரமாக, தம் நாட்டின் தீராத குறைகளை மறைக்காமல் ஒத்துக்கொள்ளும் சிறு கூடம் ஒன்றை வைப்பது என்று முடிவாயிற்று. அதை வடிவமைக்கும் பணி லியோனியிடம் வந்தது.

மூன்று அறைகளை ஒன்றோடொன்று இணைத்து அவர் அமைத்தார். முதல் அறை கோணல்மாணலாக, இருண்டு, நசுங்கியது போலிருக்கும். இன ஒதுக்கல் முதலிய சிக்கல்களைப் பற்றிய செய்தித்தாள் தலைப்புகள் அங்கே மோதிக் கிடக்கும். இரண்டாம் அறையில் கோணல் சற்றே நிமிரும்; குறைகளைக் களைய நடக்கும் முயற்சிகளை அது காட்டும். மூன்றாம் அறை நேரிய சுவர்களோடு ஒளி நிறைந்தது. அதில், நிறத்தால் வேறுபட்ட குழந்தைகள் கைகோத்து வட்டமிட்டு விளையாடும் பெரிய படம் இருந்தது.

வட்டமிட்டு விளையாடும் அந்தக் குழந்தைகளைத்தான் சிலரால் பொறுக்க முடியவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் அரசியல்வாதிகள் கொதித்தெழுந்தனர். தம் பணத்தில் தம்மையே இழிவுபடுத்துவதா என்று கேட்டனர். கூடம் மூடப்பட்டது, மாற்றப்பட்டது, இறுதியில் இனச் சிக்கலை விட்டுவிட்டுப் பொதுச் சுகாதாரத்தைக் காட்டும் இடமாகவே ஆகிவிட்டது. குறையை ஒத்துக்கொள்ளும் முதல் அறையை மட்டுமன்று, குழந்தைகள் கைகோத்து நின்ற மூன்றாம் அறையையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள்.

இரயிலில் பிறந்த நூல்

பெரியவர்களுக்காகச் செய்த கூடம் மூடப்பட்ட மறு ஆண்டு, அதாவது 1959. நியூயார்க்கிலிருந்து கனெக்டிகட்டில் உள்ள தம் வீட்டுக்கு லியோனி இரயிலில் போய்க்கொண்டிருந்தார். உடன் வந்தவர்கள் ஐந்து வயதுப் பேரனும் மூன்று வயதுப் பேத்தியும். வண்டி புறப்பட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் பிள்ளைகளின் ஆட்டம் தாங்க முடியவில்லை. சக பயணிகளின் முகம் சுளிக்கத் தொடங்கியது. என்ன செய்வது? கையில் ‘லைப்’ இதழ் ஒன்று இருந்தது. அதன் வண்ணப் பக்கங்களிலிருந்து நீலம், மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களில் சிறு வட்டங்களைக் கிழித்தெடுத்தார். முழங்கால் மீது தோல் கைப்பெட்டியை வைத்தார். அதுவே மேடை. கதை தொடங்கியது. பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டனர். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுச் செவி கொடுத்தனர்.

அந்தக் கதையே ‘சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்’ என்ற நூலாயிற்று. அவருடைய நண்பரான பேபியோ கோயன் என்ற பதிப்பாசிரியர் அதைப் பார்த்ததும் அச்சிட முன்வந்தார். கதையை நான் என் சொற்களில் சுருக்கிச் சொல்கிறேன்.

சின்ன நீலத்திற்கு நண்பர் பலர். அவர்களுள் உயிர்த் தோழன் எதிர்வீட்டுச் சின்ன மஞ்சள். இருவரும் கண்ணாமூச்சி ஆடுவார்கள். மற்ற நிறப் பிள்ளைகளோடு கைகோத்து வட்டமாகச் சுற்றுவார்கள். ஒருநாள் அம்மா நீலம் கடைக்குப் போகிறாள். வீட்டிலேயே இரு என்கிறாள். நீலத்தால் இருக்க முடியவில்லை. மஞ்சளைத் தேடிப் புறப்படுகிறது. எதிர்வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தெருத்தெருவாகத் தேடி அலைந்து, ஒரு மூலை திரும்பியதும் மஞ்சளைக் காண்கிறது. மகிழ்ச்சி தாங்காமல் இரண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொள்கின்றன. தழுவத் தழுவ இரண்டும் பச்சையாகிவிடுகின்றன.

பச்சையாகவே ஆடிப்பாடி, களைத்து வீடு திரும்புகின்றன. அங்கேதான் இடி விழுகிறது. நீலத்தின் பெற்றோர் பச்சையைப் பார்த்து, நீ எங்கள் பிள்ளை அல்ல என்கிறார்கள். மஞ்சளின் பெற்றோரும் அவ்வாறே சொல்கிறார்கள். இரண்டும் அழுகின்றன. நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமாக அழுதழுது, உடல் முழுவதும் கண்ணீராகவே ஆகிவிடுகிறது. அந்தத் துளிகள் தனித்தனியே கூடியபோது நீலம் நீலமாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் மீள்கின்றன. பிள்ளையைக் கண்ட பெற்றோர் அள்ளி அணைக்கிறார்கள். கூட வந்த மஞ்சளையும் அணைக்கிறார்கள். அணைத்த இடத்தில் தாங்களும் பச்சையாவதைக் காண்கிறார்கள். அப்போதுதான் நடந்தது அவர்களுக்கு விளங்குகிறது.

இந்நூலில் ஒரு முகம் கூட இல்லை. கண் இல்லை, வாய் இல்லை, கைகால் இல்லை. கத்தரிக்கோல் கொண்டு வெட்டாமல் கையால் கிழித்த தாள்துண்டுகள் மட்டுமே. விடுமுறையில் என் அக்காள் மகளுக்கு, அவளுக்கு வயது மூன்று, இந்தக் கதையை நானே நிறத்தாள் கிழித்து ஒரு தட்டின் மேல் வைத்துச் சொன்னேன். இந்த வட்டம் யார் என்று அவள் ஒருமுறை கூடக் கேட்கவில்லை. பெரிய வட்டம் அப்பா, சற்றே ஒடுங்கியது அம்மா என்று அவளே கண்டுகொண்டாள். பெற்றோர் பிள்ளையை மறுக்கும் இடம் வந்ததும் தட்டிலிருந்த பச்சைத் துண்டைக் கையில் எடுத்து மூடி வைத்துக்கொண்டாள். அடுத்த துண்டை வைக்கக் கொடு என்றால் கொடுக்கவில்லை. அந்தச் சிறு கைக்குள் இருந்தது வெறும் தாள்துண்டு அல்ல என்று எனக்கு அப்போது தோன்றியது.

லியோனி இனப் பிரச்சினைக்கு விளக்கம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து எழுதிய கதை அன்று இது. இரண்டு குறும்புக்காரப் பிள்ளைகளை அடக்கச் சொன்ன கதை. ஆயினும் அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்து வந்த நாம் இரண்டையும் சேர்த்துப் பாராமல் இருக்க முடியுமா? இன்ன நிறம் இன்ன நிறத்தோடு சேரலாகாது என்று சட்டம் போட்ட நாட்டிலிருந்து தப்பி வந்தவர். குழந்தைகள் கைகோத்து வட்டமிடும் படத்தை வைத்ததற்காகக் கூடம் பூட்டப்பட்டதைக் கண்டவர். அதே வட்ட விளையாட்டை அடுத்த ஆண்டே, யாராலும் பூட்ட முடியாதபடி, ஒரு சிறு புத்தகத்தின் பக்கத்தில் நிற வட்டங்களாக ஆடவைத்துவிட்டார்.

இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தழுவியவை பச்சையாகவே இருந்துவிடுவதில்லை. நீலம் மீண்டும் நீலமாகிறது. நட்பு என்றால் தன்னை அழித்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. நீலம் தன் நீலத்தை மஞ்சளுக்குக் கொடுத்தது. கொடுத்ததால் நீலத்தில் எதுவும் குறையவில்லை. உலகில் புதிதாகப் பச்சை ஒன்று உண்டாயிற்று. அவ்வளவுதான்.

பகிர்வின் பொருளியல்

ஐம்பதாவது வயதில் லியோனி துணிந்த செயல் ஒன்றைச் செய்தார். நியூயார்க்கின் பெரும் பதவியை விட்டுவிட்டு இத்தாலிக்குத் திரும்பினார். விரட்டிய நாட்டுக்கே வேறு காலத்தில் மீண்டும் போய்க் குடியேறி, ஓவியமும் சிற்பமும் குழந்தை நூல்களுமாக எஞ்சிய வாழ்வைக் கழித்தார். மொத்தம் 40-க்கு மேற்பட்ட குழந்தை நூல்களை அவர் படைத்தார். அமெரிக்காவின் கால்டெகாட் விருதுக் குழு 1961, 1964, 1968, 1970 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை அவருடைய நூல்களைச் சிறப்பித்தது.

அவற்றுள் 1963-இல் வந்த ‘ஸ்விம்மி’ ஒரு கறுப்பு மீன்குஞ்சின் கதை. உடன்பிறந்த சிவப்பு மீன்கள் அனைத்தையும் பெருமீன் ஒன்று விழுங்கிவிட, இது மட்டும் தப்புகிறது. தனியே அலைந்து, அஞ்சி ஒளிந்திருக்கும் வேறொரு சிவப்பு மீன் கூட்டத்தைக் காண்கிறது. எல்லோரும் நெருங்கி நீந்தி ஒரு பெரிய மீனின் வடிவம் கொள்ளக் கற்பிக்கிறது. தான் கறுப்பாக இருப்பதால் அந்தப் பெரிய மீனுக்குக் கண்ணாகிறது. நிறம் வேறுபட்டதே கூட்டத்திற்குக் கண் கொடுத்தது! ஜப்பானில் இக்கதை தொடக்கப்பள்ளிப் பாடநூலில் இடம்பெற்று, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அறிந்த கதையாகிவிட்டது.

1967-இல் வந்த ‘பிரெடரிக்’ எங்கள் வகுப்பில் வைத்து விவாதிக்கத் தக்கது. ஐந்து வயல் எலிகள். நான்கு எலிகள் குளிர்காலத்திற்காக இரவும் பகலும் தானியம் சேர்க்கின்றன. பிரெடரிக் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்றால் வெயிலையும் நிறங்களையும் சொற்களையும் சேர்க்கிறேன் என்கிறது. குளிர்காலம் வருகிறது, தானியம் தீர்கிறது, பேச்சும் அற்றுப்போகிறது. அப்போது பிரெடரிக் தான் சேர்த்ததை எடுத்து விரிக்கிறது. அது சொல்லச் சொல்ல மற்ற எலிகளின் உடலில் வெயில் படுகிறது. கண்ணில் பூக்கள் தெரிகின்றன.

எறும்பும் வெட்டுக்கிளியும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, இது சோம்பேறிக்குச் சாமரம் வீசுவது அல்லவா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வியே. ஆனால் எங்கள் பாடநூலில் பொதுப் பொருள் என்று ஒன்றைப் பற்றிப் படிக்கிறோம். கலங்கரை விளக்கின் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் மறு கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. தானியத்தைப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துப்போகும். கதையையும் பாட்டையும் பங்கிட்டால் அவை சிறுப்பதில்லை. பகிர்வு என்பதில் இந்த இரண்டு வகையும் உண்டு என்பதைக் கலைச்சொல் ஏதுமின்றி ஒரு மூன்று வயதுப் பிள்ளைக்கு லியோனி விளக்கிவிட்டார்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது பிரெடரிக்கின் கவிதை அன்று. மற்ற நான்கு எலிகளின் பொறுமை. பலன் என்னவென்று தெரியாத காலத்திலும் அவை பிரெடரிக்கைத் துரத்தவில்லை. கேட்டன, விடை விளங்காதபோதும் தானியத்தில் பங்கு கொடுத்தன. கைம்மாறு உறுதியான பிறகு கொடுப்பது வாணிகம். உறுதியாகும் முன்பே கொடுப்பதுதான் நட்பு.

1969-இல் வந்த ‘அலெக்சாண்டரும் சாவி எலியும்’ இன்னும் நெஞ்சைத் தொடும். வீட்டில் எல்லோராலும் விரட்டப்படும் எலி ஒன்று, எல்லோராலும் கொஞ்சப்படும் சாவி கொடுத்த பொம்மை எலியோடு நட்புக் கொள்கிறது. தானும் பொம்மையாகிவிட வேண்டும் என்று ஏங்கி, வரம் தரும் பல்லி கேட்ட ஊதாக் கூழாங்கல்லைத் தேடி அலைகிறது. கல் கிடைக்கும் வேளையில் பொம்மை எலி குப்பைக்குப் போகும் பெட்டிக்குள் கிடக்கிறது. இருப்பதோ ஒரே வரம். எலி தனக்கென்று கேட்கவில்லை. நண்பனை உயிருள்ள எலியாக்கு என்று கேட்கிறது.

1980-களில் வந்த ‘என்னுடையது’ என்ற நூலில் ஒரு தீவில் மூன்று தவளைகள் நீர் என்னுடையது, நிலம் என்னுடையது, காற்று என்னுடையது என்று ஓயாமல் சண்டையிடுகின்றன. பெருமழை பெய்து தீவு மூழ்குகிறது. எஞ்சிய ஒரு பாறை மேல் மூன்றும் ஒட்டிக்கொண்டு நடுங்குகின்றன. வெள்ளம் வடிந்த பிறகுதான் அது பாறை அன்று, தங்களைச் சுமந்து நின்ற தேரை என்று தெரிகிறது. சண்டை போடாதீர்கள் என்று முன்பு வந்து சொன்ன அதே தேரை! யாருடைய முதுகின் மேல் நாம் நிற்கிறோம் என்பதை அறியாமலே என்னுடையது, என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எங்கே கிடைக்கும்?

மாலைப் பொழுது

புகழ் பல வந்தது. அமெரிக்க வரைகலை நிறுவனம் 1984-இல் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு அளித்தது. ஆனால் 1980-களில் நடுக்குவாத நோயாகிய பார்கின்சன் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. தாளை நுணுக்கமாகக் கிழித்து ஒட்டிய கை நடுங்கத் தொடங்கியது. அந்தக் கையோடும் அவர் பல நூல்களை முடித்தார். 1997-இல் தம் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில் உள்ள இல்லத்தில் 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், 89-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. அவர் மறைந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2015-இல், இத்தாலியின் வெனிஸ் நகரில் புதிதாகப் பதவியேற்ற மேயர், மழலையர் பள்ளிகளிலிருந்து 49 நூல்களைத் திரும்பப் பெற உத்தரவிட்டார். குடும்பம் என்பது பற்றிப் பிள்ளைகள் மனத்தில் குழப்பம் உண்டாக்கும் நூல்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பட்டியலில் ‘சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்’ இருந்தது! எழுத்தாளர்களும் பெற்றோர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். இறுதியில் தடை இரண்டு நூல்களோடு சுருங்கியது. நீலமும் மஞ்சளும் பள்ளிக்குத் திரும்பின.

கிழித்த தாள்துண்டுகள் இரண்டு ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும் படத்தைக் கண்டு ஒரு நகராட்சி ஏன் அஞ்ச வேண்டும்? நட்பும் பகிர்வும் வெறும் இனிப்பு மிட்டாய் அல்ல. அவை வேலிகளை அசைக்கக்கூடியவை என்பது அஞ்சியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1938-இன் சட்டம், 1958-இன் பூட்டு, 2015-இன் உத்தரவு ஆகிய மூன்றும் வேறு வேறு காலத்தவை, வேறு வேறு அளவினவை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அச்சம் இருந்தது. பக்கத்து நிறத்தோடு சேர்ந்தால் நம் பிள்ளை நம் பிள்ளையாக இராதோ என்ற அச்சமே அது. நீலத்தின் பெற்றோர் வாசலில் நின்று சொன்னதும் அதைத்தானே!

தோழர்களே, நம்முள் பலர் ஓரிரு ஆண்டுகளில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும், பின்னர்ப் பெற்றோர்களாகவும் ஆகப்போகிறோம். வாசலில் நிற்கும் பெரியவர்களின் இடம் நமக்கும் வரும். நம் வீட்டுச் சின்ன நீலம் எதிர்வீட்டு மஞ்சளோடு ஆடிவிட்டுப் பச்சையாகி வந்து நிற்கும் நாள் ஒன்று நிச்சயம் வரும். அன்று கதவைத் திறப்போமா, சாத்துவோமா? குழந்தைகளுக்கு லியோனி கற்பிக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. தழுவ அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் கதையில் கடைசியாகப் பாடம் கற்றுக்கொள்பவர்கள் பெற்றோர்களே. நூலை மடியில் வைத்துப் படித்துக் காட்டுபவர்களும் அவர்களே அன்றோ!